73க்கு 4: ஸபீனே மையரின் இசைவாழ்வும் 'இழைதல்' என்னும் சொல்லும்

1980களின் முற்பகுதியில், பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு ஓர் இளம் கிளாரினெட் கலைஞரை ஏற்பதா வேண்டாமா என்று தன் உறுப்பினர்களிடையே வாக்கெடுத்தது. ஆதரவாக விழுந்த வாக்குகள் 4. எதிராக விழுந்தவை 73. மறுக்கப்பட்டவர் பெயர் ஸபீனே மையர். அவருடைய நாதம் குழுவின் ஏனைய துளைக்கருவிகளின் நாதத்தோடு இழையவில்லை என்பது இசைக்குழு சொன்ன காரணம். அவரைத் தெரிவுசெய்த நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயான் இதை ஏற்கவில்லை. அவர் பெண் என்பதே உண்மைக் காரணம் என்று கருதினார். இவ்விரு கூற்றுகளில் எது மெய் என்ற வழக்கு நாற்பதாண்டுகளாக இசை வரலாற்றில் தீர்ப்பின்றி நிற்கிறது.

மறுக்கப்பட்ட பெண் பின்னாளில் உலகெங்கும் வாசித்துப் புகழ்பெற்றார். ஆகவே இறுதியில் நீதி வென்றது என்பது இவ்வரலாற்றைச் சொல்வோர் பலரும் தேர்ந்துகொள்ளும் முடிவு. இது பாதி உண்மை மட்டுமே. 'இழைதல்' என்ற ஒரு சொல் ஒருவருடைய தொழில்வாழ்வைத் தீர்மானிக்கும் அளவுக்கு எவ்வாறு ஆற்றல் பெற்றது, அச்சொல்லின் மெய்மையைச் சோதிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்விகளை அம்முடிவு தொடாமலே கடந்துவிடுகிறது.

முதலில் இசைக்குழுவின் இயல்பை அறிய வேண்டும். பெர்லின் பில்ஹார்மோனிக் ஒரு கிளர்ச்சியில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் பென்யமின் பில்சே என்பவர் ஓர் இசைக்குழுவை நடத்திவந்தார். வார்சா நகருக்கான பயணத்தில் இசைஞர்களை இரயிலின் நான்காம் வகுப்புப் பெட்டியில் ஏற்ற அவர் முற்பட்டார். 1882இல் 54 இசைஞர்கள் அவரைவிட்டு விலகித் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டனர். தம்மைத் தாமே ஆள்வது அக்குழுவின் அடிப்படை நெறியாயிற்று. யாரைச் சேர்ப்பது என்பதை இசைஞர்களே முடிவுசெய்தனர். புதியவர் ஒருவர் தகுதிகாண் பருவத்தில் உடனிருந்து வாசிப்பார். அதன்பின் அவரை நிலையாக ஏற்பதா என்பதை உறுப்பினர்களின் வாக்கு தீர்மானிக்கும். பெருநடத்துநரின் விருப்பம்கூட இவ்வாக்கை மீற முடியாது என்பது அவர்கள் பேணிவந்த மரபு.

இம்மரபுக்கு எதிர்முனையில் கராயான் நின்றார். 1955இல் அக்குழுவின் தலைமை ஏற்ற அவர் வாழ்நாள் முழுமைக்குமான நடத்துநர் என்ற நிலையை அடைந்திருந்தார். இசைத்தட்டு, தொலைக்காட்சி, திரைப்படம் எனப் பதிவுத்தொழில் விரிந்த காலத்தில் அவர் பெயரும் அக்குழுவின் பெயரும் ஒன்றாகவே விற்பனையாயின. இசைஞர்கள் மேற்கு பெர்லின் நகர அரசிடம் ஊதியம் பெற்றவர்கள். ஆனால் பதிவுகளும் படங்களும் அவ்வூதியத்திற்கு அப்பாற்பட்ட தனி வருவாய். அவ்வருவாயின் திறவுகோல் கராயான் கையில் இருந்தது. குழுவின் வாக்குரிமை ஒருபுறமும் நடத்துநரின் பொருளாதார வலிமை மறுபுறமுமாக இருபத்தைந்தாண்டுகளுக்கு மேல் ஒரு சமநிலை நீடித்தது. அச்சமநிலை குலைந்த இடத்தில் 23 வயதுப் பெண் ஒருவர் நிற்க நேர்ந்தது.

ஸபீனே மையர் 1959 மார்ச் 30 அன்று தென்ஜெர்மனியின் கிரைல்ஸ்ஹைம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையும் கிளாரினெட் கலைஞர். முதல் ஆசிரியரும் அவரே. அண்ணன் வொல்ஃப்காங்கும் அதே கருவியைக் கற்றார். பின்னர் ஷ்டுட்கார்ட் நகரில் ஓட்டோ ஹெர்மனிடமும் ஹனோவரில் ஹன்ஸ் டைன்சரிடமும் பயின்று, பவேரிய வானொலி இசைக்குழுவில் சேர்ந்தார். அங்கிருந்து பெர்லினின் முதன்மைக் கிளாரினெட் இடத்திற்கான தெரிவுக்கு வந்தபோது கராயான் அவர் வாசிப்பால் ஈர்க்கப்பட்டார்.

கருநாடக இசை மேடையில் ஏ.கே.சி. நடராஜன் போன்றோர் வழியாகத் தமிழர் அறிந்த கிளாரினெட்டுக்கும் மேலை இசைக்குழுவில் அமரும் கிளாரினெட்டுக்கும் பணியில் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே அது தலைமைக் கருவி. சுருதியும் தாளமும் அதற்குத் துணைநிற்கும். அங்கே முதன்மைக் கிளாரினெட் கலைஞர் குழுவின் நடுவே அமர்கிறார். முன்வரிசையில் புல்லாங்குழலும் ஓபோவும், பின்வரிசையில் கிளாரினெட்டும் பசூனும் என நான்கு முதன்மையர் ஒரு சதுரமாக நெருங்கியிருப்பர். ஒரு நொடியில் கிளாரினெட் தனித்துப் பாட வேண்டும். அடுத்த நொடியில் பசூனின் நாதத்துக்குள் மறைந்து எது எதுவெனப் பிரித்தறியவொண்ணாத ஒரே நிறமாக ஒலிக்க வேண்டும். அவ்விடத்தில் அமர்பவர் தனிக்கலைஞரும் ஆவார், பின்னணியும் ஆவார்.

ஆகவே 'இழைதல்' என்பதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அதற்கு ஒலியியல் அடிப்படை உண்டு. சுருதியின் நுண்ணளவு, ஒலி தொடங்கும் விதம், ஒலியின் கனம், அதிர்வு, மேற்சுரங்களின் விகிதம் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தும்போதே இரு கருவிகள் ஒன்றாகக் கேட்கும். கிளாரினெட்டின் கீழ்த்தாயியில் இரட்டைப்படை மேற்சுரங்கள் மிக வலுவிழந்து ஒலிப்பதால் அதன் நாதத்துக்கு உட்குழிவான ஒரு தனித்தன்மை உண்டு. சீவாளியின் தடிப்பும் ஊதுவாயின் வளைவும் மாறினால் அத்தன்மையும் மாறும். ஜெர்மன் மரபில் வழங்கும் சாவியமைப்பும் துளை வடிவும் பிரெஞ்சு மரபில் வழங்குபவற்றிலிருந்து வேறானவை; பெர்லின் குழுவினர் ஜெர்மன் அமைப்பையே பேணினர். மையர் வாசித்ததும் ஜெர்மன் அமைப்புக் கருவியே. கருவியில் வேறுபாடு இல்லாதபோது, குற்றச்சாட்டு நாதத்தின் மீது, அதாவது வாசிப்பவரின் மூச்சின் மீதும் உதட்டின் மீதும் வந்து நிற்கிறது. அப்போது பெர்லினின் மற்றொரு முதன்மைக் கிளாரினெட் இடத்தில் 1959 முதல் வாசித்துவந்த கார்ல் லைஸ்டரின் வட்டமான, ஆழ்ந்த நாதம் அக்குழுவின் செவிக்கு அளவுகோலாகிவிட்டிருந்தது. அவ்வளவுகோலை வைத்துக் கேட்டவர்களுக்கு வேறொரு நாதம் அயலாகப் பட்டிருக்கக்கூடும்.

சிக்கல் அதற்கடுத்த படியில் தொடங்குகிறது. 'இழையவில்லை' என்ற கூற்றின் மெய்மை, கூறுவோரின் செவியைத் தவிர வேறெங்கும் பதிவாவதில்லை. சுருதி தவறியது என்றால் அளந்து காட்டலாம். தாளம் பிசகியது என்றால் பதிவை ஓட்டிக் காட்டலாம். இழைவு என்பதோ பல பண்புகள் கூடிப் பிறக்கும் ஒட்டுமொத்த உணர்வு. அதை மறுப்பவரிடம் சான்று கேட்டால், கேட்பவருக்கு அச்செவி இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லின் பொருளைத் தீர்மானிப்போரும் அச்சொல்லால் தீர்ப்பு வழங்குவோரும் ஒருவரே ஆகிவிடும்போது, வெளியே நிற்பவர் முறையிட இடமில்லை. அதே சொல்லுக்குள் நேர்மையான செவியும் இருக்கலாம். ஒப்புக்கொள்ள விரும்பாத வெறுப்பும் இருக்கலாம். சிலவேளை சொல்பவருக்கே எது எதுவென்று பிரித்தறிய முடியாது.

ஒலிகள் ஒன்றாகி இழைவதை ஆராய முடியாதென்பதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்ல் ஷ்டும்ப் என்ற ஜெர்மன் அறிஞர், பின்னாளில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர், இரு சுரங்கள் ஒருங்கே ஒலிக்கையில் அவை எவ்வளவு ஒன்றாகக் கேட்கின்றன என்பதைச் சோதித்தார். 'உருகி ஒன்றாதல்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை அதற்குக் கலைச்சொல்லாக்கினார். இசைப்பயிற்சி இல்லாதவர்களை அமர்த்தி, கேட்பது ஒரு சுரமா இரண்டா என்று வினவினார். அவர் ஆராய்ந்தது சுரங்களின் இணக்கத்தை. இசைக்குழுவின் நாதப்பொருத்தத்தை அன்று. எனினும் அச்சோதனையின் நெறி இங்கே கருதத்தக்கது: விடை முன்னமே தெரியாத செவியிடம் கேட்பது. 1980களின் பெர்லின் வழக்கில் அத்தகைய செவி எதுவும் இல்லை. வாசிப்பவர் யார் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர்.

காலச்சூழலும் வழக்கைக் கடினமாக்கியது. பெர்லின் பில்ஹார்மோனிக் தன் நூறாண்டு நிறைவைக் கொண்டாடிய 1982ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக ஒரு பெண்ணை உறுப்பினராக ஏற்றது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வயலின் கலைஞர் மதலேன் கருட்ஸோ அவர். இசைக்குழுவைக் காப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டலாம்: பெண் என்பதற்காக மறுத்திருந்தால் அவரை எவ்வாறு ஏற்றிருப்போம்? வாதம் வலுவானதே. ஆயினும் வயலின் வரிசையில் பலருள் ஒருவராக அமர்வதும், துளைக்கருவிச் சதுரத்தில் தனிக்குரலாக ஒலிக்கும் முதன்மை இடத்தில் அமர்வதும் ஒன்றல்ல. ஒருவரை வரிசையில் ஏற்ற மனம், இன்னொருவரைத் தலைமையிடத்தில் ஏற்கத் தயங்கியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே கருட்ஸோவின் சேர்க்கை ஐயத்தைக் குறைக்கிறது, நீக்குவதில்லை.

கராயான் தரப்பையும் அதே கண்ணால் நோக்க வேண்டும். குழு மறுத்ததை அவர் தம் அதிகாரத்துக்கு நேர்ந்த அறைகூவலாகவே கொண்டார். 1982 டிசம்பரில் குழுவுக்கு எழுதிய மடலில், ஒப்பந்தம் கட்டாயமாக்கும் கச்சேரிகளை மட்டும் நடத்துவதாகவும், சுற்றுப்பயணம், விழாக்கள், படப்பதிவு முதலியவற்றை நிறுத்திவைப்பதாகவும் அறிவித்தார். இசைஞர்களின் தனி வருவாய் அனைத்தும் அம்மடலில் அடங்கியிருந்தது. நிர்வாகத் தலைவர் பீட்டர் கிர்ட், குழுவின் விருப்பத்துக்கு மாறாக மையருக்கு ஓராண்டுத் தகுதிகாண் ஒப்பந்தம் வழங்கினார். நடத்துநருக்கும் குழுவுக்கும் நடுவிலான பகை பொதுவெளிக்கு வந்தது. செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதின. 1984இல் சால்ஸ்பர்க்கில் நடந்த பெந்தெகொஸ்தே விழாவில் பெர்லின் குழுவை விலக்கிவிட்டு, அதன் இடத்தில் வியன்னா பில்ஹார்மோனிக்கைக் கராயான் அமர்த்தினார்.

இந்தக் கடைசிச் செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. அன்றைய வியன்னா பில்ஹார்மோனிக்கில் பெண் உறுப்பினர் ஒருவரும் இல்லை. யாழ்க் கலைஞர் அன்னா லெல்கெஸ் 1971 முதல் அக்குழுவோடு வாசித்துவந்தும், முழு உறுப்பினராக ஏற்கப்பட்டது 1997இல்தான். ஒரு பெண்ணின் உரிமைக்காகப் பெர்லினைத் தண்டித்தவர், பெண்களே இல்லாத குழுவைக் கொண்டு அத்தண்டனையை நிறைவேற்றினார். கராயான் மையரின் கலையை உண்மையாகவே மதித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் நடத்திய போர் பெண்களின் உரிமைக்கானது என்று எழுதுவது வரலாற்றை அழகுபடுத்துவதாகும். தெரிவுசெய்யும் உரிமை யாருக்கு என்பதே அப்போரின் பொருள். இசைக்குழு தன் நூறாண்டுத் தன்னாட்சியைக் காக்க நின்றது. நடத்துநர் தம் வாழ்நாள் அதிகாரத்தைக் காக்க நின்றார். இருதரப்பும் பேசியது மையரைப் பற்றி. அவர் பேசுவதற்கென ஓர் இடம் அந்த ஏற்பாட்டில் எங்கும் இருக்கவில்லை.

தகுதிகாண் ஆண்டு நிறைவுறுமுன்னரே மையர் தாமாக விலகினார். கிர்ட் 1984இல் பதவியிழந்தார். கராயானுக்கும் குழுவுக்கும் இடையிலான உறவு பின்னர் ஒட்டவைக்கப்பட்டதேயன்றி ஆறவில்லை. 1989 ஏப்ரலில் அவர் பொறுப்பைத் துறந்தார், அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார். அடுத்த நடத்துநராகக் குழுவினர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் கிளாவ்டியோ அப்பாடோ.

விலகிய மையருக்கு முன்னே இருந்த வழி எத்தகையது? பியானோவையோ வயலினையோ தனிக்கலைஞராக வாசித்து உலகம் சுற்றுவோர் பலர். அவர்களுக்கான படைப்புகள் குவிந்துகிடக்கின்றன. மொசார்ட் எழுதிய பியானோ கான்செர்ட்டோக்கள் வழக்கமான கணக்கில் 27. கிளாரினெட்டுக்கு அவர் எழுதியது ஒன்றே. பேத்தோவன் பியானோவுக்கு 5 கான்செர்ட்டோக்களும் வயலினுக்கு ஒன்றும் எழுதினார். கிளாரினெட்டுக்கு ஒன்றும் எழுதவில்லை. தனிக்கிளாரினெட் கலைஞர் என்ற தொழில், நிலையான ஒரு தொழிலாகவே இருந்ததில்லை.

இருக்கும் சில பெரும்படைப்புகளுக்குப் பின்னால் ஒவ்வொரு கலைஞரின் பெயர் நிற்கிறது. மொசார்ட்டின் கான்செர்ட்டோ 1791இல் அன்டோன் ஷ்டாட்லருக்காக எழுதப்பட்டது. ஷ்டாட்லர் வியன்னா அரசவை இசைக்குழுவைச் சேர்ந்தவர். வெபர் 1811இல் எழுதிய இரு கான்செர்ட்டோக்களும் மியூனிக் அரசவைக் கலைஞர் ஹைன்ரிஷ் பேர்மனுக்கானவை. அவ்விருவரும் சேர்ந்தே இசைப்பயணம் சென்றனர். இயற்றுவதை நிறுத்திக்கொள்ள எண்ணியிருந்த பிராம்ஸ், 1891இல் மைனிங்கன் அரசவையின் ரிச்சர்ட் மியூல்ஃபெல்ட் வாசிக்கக் கேட்டு, அதே கோடையில் கிளாரினெட் மும்மையையும் ஐம்மையையும் எழுதினார். 1894இல் இரு சொனாட்டாக்கள் தொடர்ந்தன. இம்மூவரும் ஊர் ஊராகச் சென்று வாசித்தவர்களே. ஆனால் மூவருக்கும் வீட்டில் ஓர் இருக்கை இருந்தது. அரசவை ஊதியம் தந்தது, விடுப்பும் தந்தது. பயணம் அவ்விருக்கையிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பியது. 20ஆம் நூற்றாண்டில் பென்னி குட்மன் ஜாஸ் இசையில் ஈட்டிய பொருளையும் புகழையும் கொண்டு பார்ட்டோக்கிடமும் கோப்லாண்டிடமும் புதிய படைப்புகளை எழுதுவித்தார். அவருக்கு அரசவையின் இடத்தில் ஜாஸ் இருந்தது.

மையரின் தொழில்வாழ்வு இவ்வரிசையிலிருந்து பிரியும் இடம் இதுவே. இருக்கை மறுக்கப்பட்ட பின்னர் தொடங்கிய பயணம் அவருடையது. இருக்கைக்கு மாற்றாக அவர் நான்கு தூண்களை நாட்டினார்: இசைப்பதிவு, சிற்றவை இசைக்குழுக்கள், ஆசிரியப் பணி, மறந்துபோன படைப்புகளின் மீட்பு. ஷ்டாமிட்ஸ், குரோம்மர், ஷ்போர், வெபர் என மொசார்ட்டின் நிழலில் மங்கியிருந்தவர்களையும் மங்காதவர்களையும் பதிவாக்கி, ஒரு தனிக்கலைஞர் பருவந்தோறும் எடுத்துச் செல்லத்தக்க படைப்புத்தொகுதியை அவர் பெருக்கினார். 1993 முதல் லியூபெக் இசைக்கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எனப் பயணங்கள் விரிந்தன.

மீட்புப் பணியில் முதன்மையானது மொசார்ட்டின் அந்த ஒரே கான்செர்ட்டோ. ஷ்டாட்லரின் கருவி வழக்கமான கிளாரினெட்டைவிட நீண்டது. கீழே நான்கு அரைச்சுரங்கள் கூடுதலாக ஒலிக்கக்கூடியது. இன்று அதைப் பாசெட் கிளாரினெட் என்பர். மொசார்ட்டின் கைப்படி காணாமற்போயிற்று. அவர் மறைந்து ஏறத்தாழப் பத்தாண்டு கழித்துப் பதிப்பகங்கள் அப்படைப்பை வழக்கமான கிளாரினெட்டுக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டன. கீழ்ச்சுரங்கள் மேலே தூக்கிவைக்கப்பட்டன. 1802இல் லைப்சிக் இசை இதழில் வந்த மதிப்புரை ஒன்று இம்மாற்றங்களைச் சுட்டிக்காட்டியும் பயனில்லை. 150 ஆண்டுகளாக உலகம் கேட்டது திருத்திய பாடத்தையே. ஷ்டாட்லரின் கருவி எவ்வாறிருந்தது என்பதற்கான படச்சான்று, 1794இல் அவர் ரீகா நகரில் வாசித்த கச்சேரியின் நிகழ்ச்சித்தாளில் அச்சாகியிருந்தது. 1990களில்தான் அது ஆய்வாளர் கண்ணுக்கு எட்டியது. ஓலைச்சுவடிகளின் பாடவேறுபாடுகளோடு பழகிய தமிழ் மாணவருக்கு இச்சிக்கல் அயலாக இராது. மூலப்படி இல்லாதபோது, பிறழ்ந்த பாடத்தின் உள்ளிருந்தே மூலத்தின் வடிவை ஊகித்து மீட்பது இருவருக்கும் பொதுவான வேலை. மையர் பாசெட் கிளாரினெட்டில் அக்கான்செர்ட்டோவைப் பதிவுசெய்து உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். முன்னோடிகள் சிலர் தொடங்கிய மீட்பு, பொதுவழக்காக மாறியதில் அவர் பங்கு பெரிது.

பெர்லினோடும் கணக்கு முடிந்துவிடவில்லை. அப்பாடோவின் தலைமையில் பெர்லின் பில்ஹார்மோனிக் உடன்வாசிக்க, மொசார்ட்டின் கான்செர்ட்டோவையும் டெபுஸ்ஸி, டகெமிட்சு ஆகியோரின் படைப்புகளையும் 1990களின் இறுதியில் மையர் பதிவுசெய்தார். பின்னர் சைமன் ராட்டில் நடத்த, நீல்சனின் கான்செர்ட்டோவும் அதே குழுவோடு பதிவாயிற்று. பலரும் இவற்றையே வழக்கின் தீர்ப்பாகக் காட்டுவர்: மறுத்த குழுவே அவர் பின்னால் அமர்ந்து வாசித்தது என்று.

காட்சி மனநிறைவு தருவதே. ஆனால் சான்றாக அது நிற்காது. தனிக்கலைஞர் குழுவுக்கு முன்னே நிற்பவர். அவரிடம் யாரும் இழைவைக் கோருவதில்லை. அவர் நாதம் தனித்துத் தெரிவதற்காகவே அங்கே அழைக்கப்படுகிறார். குழு சொன்ன குற்றம் உண்மையாகவே இருந்திருந்தாலும் அவர் சிறந்த தனிக்கலைஞராக விளங்கியிருக்க முடியும். எனவே முன்மேடை வெற்றி குழுவின் கூற்றை மறுப்பதுமில்லை, நிறுவுவதுமில்லை.

சான்று வேறிடத்தில் இருக்கிறது. வழக்கின் வெப்பம் தணியாத 1983ஆம் ஆண்டிலேயே மையர் ஒரு சிறு குழுவை அமைத்தார். அண்ணன் வொல்ஃப்காங், கணவர் ரைனர் வேலே, தாம் என மூவர். பெயர் ட்ரியோ டி கிளாரோனே. மூன்று கிளாரினெட்டுகள், அல்லது மூன்று பாசெட் ஹார்ன்கள். ஒரே குடும்பத்துக் கருவிகள் மூன்று சேர்ந்து ஒலிக்கும் அமைப்பைவிட இழைவைக் கடுமையாகச் சோதிக்கும் அமைப்பு வேறு இருக்க முடியாது. வேறுவேறு கருவிகளாயின் நிறவேறுபாட்டில் சிறு பிசிறுகள் மறையும். ஒரே நிறமான மூன்று குரல்களிடையே ஓர் இழை தடித்தாலும் உடனே வெளிப்படும். மொசார்ட் மூன்று பாசெட் ஹார்ன்களுக்கு எழுதிய சிற்றிசைகளை இக்குழு மேடையேற்றியது. 1988இல் தம் பெயரிலேயே ஒரு துளைக்கருவிக் குழுவையும் மையர் தொடங்கினார். ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் இணையும் அக்குழுவில் அவர் பணி, பெர்லினின் சதுரத்தில் அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட அதே பணிதான். தனித்து ஒலிப்பதும் மறைந்து ஒலிப்பதும் மாறிமாறி வரும் வாசிப்பை அவர் பல ஆண்டுகள் பதிவாகவே விட்டுவைத்திருக்கிறார். அவர் இழையத் தெரியாதவர் அல்லர் என்பது அப்பதிவுகளைக் கேட்பவர் எவருக்கும் விளங்கும்.

இதனால் 73 பேரும் பொய்யுரைத்தனர் என்று ஆகிவிடாது. இவரோடு இழைந்தவர் அவர்களோடு இழையாதிருந்திருக்கலாம். இழைதல் என்பது ஒருவரிடம் உள்ள பண்பு அன்று. இருவரிடையே நிகழும் வினை. 'அவர் இழையவில்லை' என்ற வாக்கியம் அதை ஒருவருடைய குறையாக்குகிறது. 'நாம் இழையவில்லை' என்ற வாக்கியம் இருதரப்புக்கும் பொறுப்பளித்திருக்கும். வருபவர் பழையவரின் நாதத்துக்குள் கரைய வேண்டும் என்று மட்டுமே கேட்கும் குழு, தான் அசைய மறுப்பதை வருபவரின் குற்றமாக எழுதிக்கொள்கிறது. எழுவாய் ஒன்று மாறுகிறது, பழி இடம்மாறுகிறது. பால்பாகுபாடு நுழையும் வழியும் பெரும்பாலும் இதுவே. வெறுப்பு வெளிப்படையாகப் பேசத் தேவையில்லை. பழகிய நாதமே நாதம் என்ற நம்பிக்கை போதும். நூறாண்டுகள் ஆண்களே வாசித்துப் பழகிய செவி, தன் பழக்கத்தை அழகியல் என்றே உணரும்.

இதற்கு மாற்றாகப் பல இசைக்குழுக்கள் கண்ட வழி திரை. வாசிப்பவரைத் திரைக்குப் பின் நிறுத்தி நாதத்தை மட்டும் கேட்கும் முறை அமெரிக்காவில் 1970கள் முதல் பரவியது. கிளாவ்டியா கோல்டின், சிசிலியா ரூஸ் ஆகிய இரு பொருளியலாளர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, திரையால் பெண்களின் வாய்ப்பு உயர்ந்தது என்று வாதிட்டது. அதன் புள்ளியியல் வலிமையைப் பின்னர் சிலர் வினவியதும் உண்டு. எவ்வாறாயினும் திரை தெரிவுச் சுற்றுகளில் மட்டுமே உதவும். தகுதிகாண் பருவம் முழுவதும் ஒருவரைத் திரைக்குப் பின் அமர்த்த முடியாது. மையருக்கு எதிரான தீர்ப்பு பிறந்ததோ உடனிருந்து வாசிக்கும் அந்த அன்றாடத்தில். 2023இல் பெர்லின் பில்ஹார்மோனிக் வினெட்டா சரெய்க்காவைத் தன் வயலின் தலைமையிடத்தில் அமர்த்தியது. அக்குழுவின் வரலாற்றில் அவ்விடத்தை அடைந்த முதல் பெண் அவர். கருட்ஸோ வரிசையில் அமர்ந்ததற்கும் ஒரு பெண் தலைமையில் அமர்ந்ததற்கும் இடையில் 41 ஆண்டுகள் கடந்திருந்தன.

இசைக்குழுக்களைப் பற்றிய இவ்வரலாறு கல்விக்கூடங்களுக்கும் தொலைவானதன்று. ஆசிரியப் பணிக்கான நேர்காணலிலும், ஆய்வு மாணவர் சேர்க்கையிலும், 'துறையோடு பொருந்தமாட்டார்' என்ற சொல் வழங்குகிறது. சில இடங்களில் அது உண்மையான ஆய்வுப்பொருத்தத்தைக் குறிக்கும். சில இடங்களில் சாதியையோ பாலையோ மொழியையோ உச்சரிப்பையோ குறிக்கும். வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒரே ஒலி. அச்சொல்லைத் தடைசெய்வதால் பயனில்லை. அதைப் பயன்படுத்துவோர் எதனோடு பொருந்தவில்லை, எந்தச் சான்றால் அறிந்தோம், பொருந்துவதற்குத் துறை என்ன செய்தது என்ற மூன்று வினாக்களுக்கும் எழுத்தில் விடையளிக்க வேண்டும் என்று கோரலாம். 73 வாக்குகள் எண்ணப்பட்ட நாளில் பெர்லினில் யாரும் அவ்வினாக்களைக் கேட்டதாக வரலாறு காட்டவில்லை. எஞ்சியிருப்பவை எண்களும், மையர் பின்னாளில் பிறரோடு இழைந்து வாசித்த பதிவுகளுமே.